லத்தீனோ வாக்கு: 6.5 கோடிப் பேர், 3.6 கோடி வாக்காளர்கள் – இடையில் என்ன நடக்கிறது?

அமெரிக்கத் தேர்தல் வந்தாலே இரண்டு விதமான செய்திகள் வரும். "லத்தீனோக்கள் நாட்டின் இரண்டாவது பெரிய மக்கள் கூட்டம், முடிவைத் தீர்மானிக்கப் போவது அவர்கள்தான்" என்று ஒரு செய்தி சொல்லும். "குடியேறிகளை விரட்டுவேன் என்ற டிரம்புக்கு லத்தீனோக்கள் எப்படி வாக்களித்தார்கள்?" என்று தேர்தல் முடிந்த பிறகு இன்னொரு செய்தி கேட்கும். இரண்டையும் அடுத்தடுத்துப் படிப்பவருக்குத் தலை சுற்றுவது இயல்பு. நாட்டில் இருப்பது, குடியுரிமை பெறுவது, வாக்களிப்பது ஆகிய மூன்றையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவதால் வரும் சிக்கல் இது. மூன்றுக்கும் நடுவே நீண்ட சட்ட வழிகள் உண்டு. அந்த வழி எந்த நாட்டிலிருந்து வந்தவருக்கு எப்படித் திறந்தது, எப்படி அடைபட்டது என்று பார்த்தால் அவர்களுடைய அரசியலும் பெருமளவு புரிந்துவிடும்.

முதலில் அடிப்படை

லத்தீன் அமெரிக்க வம்சாவளியினரைப் பொதுவாக லத்தீனோ என்கிறார்கள். ஆறாவது தலைமுறையாக டெக்சஸில் வாழ்பவரும், போன மாதம் ஹோண்டுராஸிலிருந்து வந்தவரும் இதற்குள் வருவார்கள். 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இவர்கள் 6.21 கோடி, அதாவது நாட்டில் 18.7 சதவீதம். இப்போது 6.5 கோடியைத் தாண்டிவிட்டார்கள். இவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் அமெரிக்காவிலேயே பிறந்தவர்கள். "லத்தீனோ" என்றதும் "குடியேறி" என்று எண்ணிக்கொள்வது முதல் பிழை.

சட்டத்தின் கண்ணில் அந்த 6.5 கோடிப் பேரும் நான்கு நிலைகளில் இருக்கிறார்கள்:

1. குடிமக்கள். பிறப்பால் ஆனவர்களும் விண்ணப்பித்துப் பெற்றவர்களும் இதில் அடக்கம். நாடாளுமன்றத்துக்கும் அதிபர் பதவிக்கும் வாக்களிப்பவர்கள் இவர்கள் மட்டுமே.
2. நிரந்தரவாசிகள், அதாவது கிரீன் கார்டு வைத்திருப்பவர்கள். வரி கட்டலாம், தொழில் செய்யலாம், ராணுவத்திலும் சேரலாம். வாக்களித்தால் குற்றம், நாடு கடத்தப்படவும் கூடும்.
3. தற்காலிகப் பாதுகாப்பில் இருப்பவர்கள். 2001 நிலநடுக்கங்களுக்குப் பின் அடைக்கலம் பெற்ற எல் சால்வடோர் நாட்டவர் 20 ஆண்டுகளுக்கு மேலாக, சில மாதங்களுக்கு ஒருமுறை புதுப்பித்தபடியே வாழ்கிறார்கள். சிறுவயதில் கொண்டுவரப்பட்டவர்களுக்கு ஒபாமா 2012 ஜூனில் கொடுத்த டாக்கா (DACA) என்ற, நாடு கடத்தலிலிருந்து காக்கும் பாதுகாப்பும் இந்த வகைதான். இரண்டிலும் வேலை அனுமதி உண்டு, குடியுரிமைக்கு வழி இல்லை.
4. ஆவணமற்றவர்கள், அதாவது சட்டப்படி தங்கும் அனுமதி இல்லாதவர்கள்.

இந்த 6.5 கோடியில் குழந்தைகளைக் கழித்து, குடியுரிமை இல்லாத பெரியவர்களையும் கழித்தால் 2024 தேர்தலில் வாக்களிக்கத் தகுதி பெற்றவர்கள் சுமார் 3.6 கோடி. தகுதி உள்ளவர்கள் எல்லோரும் வாக்குச்சாவடிக்குப் போவதும் இல்லை. 2020 அதிபர் தேர்தலில் லத்தீனோ குடிமக்களில் வாக்களித்தவர்கள் 53.7 சதவீதம், வெள்ளையர்களில் 70.9 சதவீதம். ஆள் எண்ணிக்கையில் 18.7 சதவீதம் வாக்குப்பெட்டிக்கு வரும்போது பத்து, பதினொன்றாகக் குறைவது இப்படித்தான்.

நம் ஊரில் வாக்காளர் பட்டியலைத் தயாரிப்பது தேர்தல் ஆணையத்தின் பொறுப்பு, வீட்டுக்கே ஆள் வருவார்கள். அமெரிக்காவில் பல மாநிலங்களில் பதிவு செய்வது குடிமகனின் பாடு. வீடு மாறினால் பதிவையும் புதுப்பிக்க வேண்டும். லத்தீனோக்களில் இளைஞர்களும் வாடகை வீட்டில் இருப்பவர்களும் அதிகம் என்பதால், இந்த ஒரு நடைமுறையே கணிசமானோரை வடிகட்டிவிடுகிறது.

நாட்டுக்கு ஒரு வாசல்

"லத்தீனோ வாக்கு" என்று ஒருமையில் பேசுவது ஏன் தவறு என்பதற்கான விடை இந்தப் பகுதியில்தான் இருக்கிறது.

மெக்சிகோ வம்சாவளியினரில் ஒரு பகுதியினர் எல்லை தாண்டி வந்தவர்களே அல்ல, எல்லைதான் அவர்களைத் தாண்டியது. 1848 குவாதலூப்பே இதால்கோ ஒப்பந்தப்படி மெக்சிகோவின் பாதி நிலம் அமெரிக்காவிடம் போனது. அங்கேயே தங்கியவர்கள் குடிமக்கள் ஆனார்கள். காகிதத்தில் குடியுரிமை கிடைத்தது, வாக்கு கிடைத்துவிடவில்லை. டெக்சஸ் 1902இல் வாக்கு வரி (கட்டினால்தான் வாக்களிக்கலாம் என்ற வரி) கொண்டுவந்தது. 1966இல்தான் அது நீதிமன்றத்தில் முற்றிலும் ஒழிந்தது. ஆங்கிலத்தில் மட்டுமே வாக்குச்சீட்டு, சிறுபான்மையினர் ஒருபோதும் வெல்ல முடியாதபடி வரையப்பட்ட தொகுதிகள் எனத் தடைகள் வேறு உருவில் தொடர்ந்தன. 1974இல் சான் அந்தோனியோவில் வில்லி வெலாஸ்கெஸ் தொடங்கிய வாக்காளர் பதிவு இயக்கம் "சு வோட்டோ எஸ் சு வோஸ்" (உன் வாக்கே உன் குரல்) என்று வீடு வீடாகப் போனது. 1975இல் வாக்குரிமைச் சட்டம் திருத்தப்பட்டு ஸ்பானிய மொழி பேசுவோருக்கும் பாதுகாப்பு வந்தது. அதை டெக்சஸுக்குக் கொண்டுவர முன்நின்றவர்களில் ஒருவர் ஹூஸ்டனின் கறுப்பின நாடாளுமன்ற உறுப்பினர் பார்பரா ஜோர்டன்.

பின்னாளில் வந்த மெக்சிகோக்காரர்களின் கதை வேறு. 1942 முதல் 1964 வரை "பிரசேரோ" ஒப்பந்தத்தின் கீழ் அமெரிக்காவே பண்ணை வேலைக்கு ஆள் அழைத்தது. மொத்தம் சுமார் 46 லட்சம் வேலை ஒப்பந்தங்கள். பிறகு ஒப்பந்தத்தை நிறுத்தியது. அடுத்து வந்த 1965 சட்டம் மேற்கு அரைக்கோளத்துக்கு முதன்முறையாக உச்சவரம்பு விதித்தது. 1976இல் ஒவ்வொரு நாட்டுக்கும் ஆண்டுக்கு 20,000 என்ற கூரையும் வந்தது. வேலை இருந்தது, வழக்கமான பாதை இருந்தது, சட்ட வாசல் மட்டும் சுருங்கியது. நேற்று வரை ஒப்பந்தத் தொழிலாளியாக வந்தவர் இன்று அதே வயலுக்கு "சட்டவிரோதமாக" வந்தவர் ஆனார். ஆவணமற்ற குடியேற்றம் என்ற பிரச்சினை இவ்வளவு பெரிதானதற்கு இந்தச் சட்டக் கணக்கு ஒரு முக்கியக் காரணம். பேச்சாளர்கள் அதிகம் சொல்லாத காரணமும் இதுதான்.

இன்றைய உச்சவரம்பில் ஒரு நாட்டவருக்கு ஆண்டு ஒதுக்கீட்டில் 7 சதவீதத்துக்கு மேல் கிடையாது. மெக்சிகோவுக்கும் ஐஸ்லாந்துக்கும் ஒரே அளவு. அமெரிக்கக் குடிமகன் ஒருவர் மெக்சிகோவிலுள்ள தன் உடன்பிறந்தவரைச் சட்டப்படி அழைத்துவர 20 ஆண்டுகளுக்கு மேல் காத்திருக்க வேண்டும். கிரீன் கார்டுக்காக ஆண்டுக்கணக்கில் காத்துக் கிடக்கும் இந்தியப் பொறியாளர்களும் முட்டிக்கொண்டு நிற்பது இதே 7 சதவீதச் சுவரில்தான். "வரிசையில் நின்று வா" என்று சொல்வது எளிது. பலருக்கு நிற்க வரிசையே இல்லை. இருப்பவர்களுக்கு அது நகர்வதே இல்லை.

கியூபாவுக்கு நேர்மாறான வாசல். 1959 புரட்சிக்குப் பின் ஓடிவந்தவர்களுக்கு 1966இல் தனிச் சட்டமே போட்டார்கள். பின்னர் செய்த திருத்தத்தால் ஓராண்டு தங்கினாலே கிரீன் கார்டு கேட்கலாம் என்றானது. பனிப்போர்க் காலத்துச் சலுகை அது. விளைவு, கியூபர்கள் விரைவாகக் குடியுரிமை பெற்றார்கள், மயாமியில் விரைவாகப் பதவிகளைப் பிடித்தார்கள், கம்யூனிச எதிர்ப்பைப் பேசிய குடியரசுக் கட்சியோடு நெருங்கினார்கள். 1989இல் நாடாளுமன்றத்துக்குத் தேர்வான முதல் லத்தீனோ பெண் இலியானா ரோஸ்-லெட்டினன், ஹவானாவில் பிறந்த குடியரசுக் கட்சிக்காரர்.

அமெரிக்காவின் ஆட்சிக்கு உட்பட்ட கரீபியத் தீவான போர்ட்டோ ரிக்கோவினருக்கு வாசலே தேவையில்லை. 1917 முதல் அவர்கள் பிறப்பால் அமெரிக்கக் குடிமக்கள். ஆனால் தீவில் இருக்கும்வரை அதிபருக்கு வாக்களிக்க முடியாது. நாடாளுமன்றத்தில் அவர்களின் பிரதிநிதிக்கு இறுதி வாக்கெடுப்பில் ஓட்டு கிடையாது. அதே ஆள் விமானம் ஏறி ஃபுளோரிடாவின் ஓர்லாண்டோவில் குடியேறிப் பதிவு செய்தால் முழு வாக்காளர். டெக்சஸ்காரர் ஒருவர் தீவின் தலைநகர் சான் ஹுவானுக்குக் குடிபெயர்ந்தால் அதிபர் வாக்கை இழப்பார். குடியுரிமையும் வாக்குரிமையும் ஒன்றல்ல என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு கிடைக்காது.

கிரீன் கார்டிலிருந்து குடியுரிமைக்கு

நிரந்தரவாசியாக 5 ஆண்டுகள் (குடிமகனை மணந்து சேர்ந்து வாழ்ந்தால் 3) இருந்தபின் என்-400 என்ற படிவத்தில் விண்ணப்பிக்கலாம். அதிகாரி நேர்காணல் செய்வார். மூன்று ஆங்கில வாக்கியங்களில் ஒன்றைப் பிழையின்றிப் படிக்க வேண்டும், மூன்றில் ஒன்றை எழுத வேண்டும். பிறகு வரலாறும் அரசியலமைப்பும். நெடுங்காலம் 100 கேள்விகள் கொண்ட பட்டியலிலிருந்து 10 கேட்டு, 6 சரியானால் தேர்ச்சி. 2025 அக்டோபர் 20 முதல் விண்ணப்பிப்போருக்குப் பட்டியல் 128 ஆனது. 20 கேட்டு 12 சரியாக வர வேண்டும். 50 வயதைக் கடந்து 20 ஆண்டுகள் கிரீன் கார்டோடு வாழ்ந்தவருக்கு ஆங்கிலத் தேர்விலிருந்து விலக்கு உண்டு.

கட்டணத்தைப் பாருங்கள். 1990களில் 95 டாலர். 2007இல் 330லிருந்து 595 ஆக ஒரே தாவல். 2024 ஏப்ரல் முதல் தாளில் விண்ணப்பித்தால் 760 டாலர், இணையத்தில் 710. கணவன் மனைவி இருவரும் விண்ணப்பித்தால் ஒன்றரை ஆயிரம் டாலர். ஓட்டல் சமையலறையில் பாத்திரம் கழுவுபவர் ஒரே மாதத்தில் எடுத்து வைக்கும் தொகை அல்ல அது.

2015 நிலவரப்படி, தகுதி பெற்ற நிரந்தரவாசிகளில் ஒட்டுமொத்தமாக 67 சதவீதத்தினர் குடியுரிமை வாங்கியிருந்தார்கள். மெக்சிகோ நாட்டவரில் 42 சதவீதம்தான். ஆங்கிலமும் செலவும் முக்கியக் காரணங்கள். எல்லைக்கு அந்தப் பக்கமே ஊர் இருப்பதால் "ஒருநாள் திரும்பிவிடுவோம்" என்ற எண்ணமும் சேர்ந்துகொள்கிறது. 1998 வரை அமெரிக்கக் குடியுரிமை வாங்கினால் மெக்சிகோவின் தேசியத்தை விட்டுவிட வேண்டும் என்பதும் பலரைத் தயங்க வைத்தது. பிறகு மெக்சிகோ தன் அரசியலமைப்பையே திருத்தி இரட்டைத் தேசியத்தை அனுமதித்தது.

உறுதிமொழி விழாவில் கிரீன் கார்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டுச் சான்றிதழ் வாங்கிக்கொண்டு வெளியே வருபவரிடம், வாக்காளர் பதிவுப் படிவத்தோடு தன்னார்வலர்கள் காத்திருப்பது நெடுநாள் வழக்கம். 2025 ஆகஸ்டில் குடியுரிமைத் துறை அதை நிறுத்தியது. இனி மாநில, உள்ளாட்சித் தேர்தல் அலுவலர்கள் மட்டுமே அங்கே பதிவு செய்யலாம். சின்ன மாற்றம்போலத் தெரியும். புதிய குடிமகனைப் பிடிக்க அதைவிட எளிதான இடம் வேறில்லை.

"குழந்தை பிறந்தால் பெற்றோருக்கும் குடியுரிமை" – உண்மையா?

தமிழ்ச் செய்திகளிலும் அடிக்கடி தலைகாட்டும் தவறு இது.

1868இல் வந்த 14ஆவது திருத்தப்படி அமெரிக்க மண்ணில் பிறக்கும் குழந்தை குடிமகன். சீனப் பெற்றோருக்கு சான் பிரான்சிஸ்கோவில் பிறந்த வோங் கிம் ஆர்க் வழக்கில் 1898இல் உச்ச நீதிமன்றம் இதை உறுதிசெய்தது. ஆனால் அந்தக் குழந்தையால் பெற்றோருக்கு உடனே எந்தப் பயனும் இல்லை. படிப்படியாகப் பார்ப்போம்:

1. குழந்தைக்கு 21 வயது ஆன பிறகுதான் தாய்க்காக மனுப் போட முடியும்.
2. தாய் எல்லையை அனுமதியின்றிக் கடந்து வந்தவர் என்றால், பொதுவாக உள்நாட்டில் இருந்தபடி கிரீன் கார்டு வாங்க முடியாது. சொந்த நாட்டுக்குப் போய் அங்குள்ள தூதரகத்தில் விசா வாங்கி வர வேண்டும்.
3. ஓராண்டுக்கு மேல் சட்டவிரோதமாகத் தங்கியவர் வெளியேறிய நொடியில், 1996 சட்டப்படி திரும்பி வர 10 ஆண்டுத் தடை விழும்.
4. தடையை விலக்கக் கோரலாம். அதற்குக் குடிமகனாகவோ நிரந்தரவாசியாகவோ உள்ள கணவனோ பெற்றோரோ கடும் துன்பத்துக்கு ஆளாவார் என்று நிரூபிக்க வேண்டும். பிள்ளையின் துன்பம் இந்தக் கணக்கில் சேராது.

அதே தாய் விசாவோடு விமானத்தில் வந்து காலாவதியான பிறகும் தங்கியவர் என்றால், 21 வயதுப் பிள்ளையின் மனுவில் உள்நாட்டிலேயே கிரீன் கார்டு பெற வழி உண்டு. நடந்து வந்தவருக்கு ஒன்று, விமானத்தில் வந்தவருக்கு ஒன்று. நடந்து வந்தவர்களில் பெரும்பாலோர் மெக்சிகோ, மத்திய அமெரிக்க ஏழைகள்.

2025 ஜனவரி 20 அன்று டிரம்ப் கையெழுத்திட்ட ஆணை பிறப்புக் குடியுரிமையையே சுருக்கப் பார்த்தது. ஆவணமற்ற தாய்க்கு மட்டுமல்ல, தற்காலிக விசாவில் இருக்கும் தாய்க்குப் பிறக்கும் குழந்தைக்கும், தந்தை குடிமகனாகவோ நிரந்தரவாசியாகவோ இல்லாவிட்டால் குடியுரிமை இல்லை என்றது. எச்-1பி விசாவில் இருக்கும் தமிழ்க் குடும்பங்களும் இதில் நேராக மாட்டும். கீழ் நீதிமன்றங்கள் ஆணையைத் தடுத்தன. 2025 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் விசாரிக்க எடுத்துக்கொண்டது.

அச்சுறுத்தல் வாக்காளர்களை உருவாக்கும் – சில சமயம்

1994இல் கலிஃபோர்னியா ஆளுநர் பீட் வில்சன் மறுதேர்தலுக்காக 187ஆவது முன்மொழிவை (மக்கள் நேரடியாக வாக்களித்து முடிவு செய்யும் சட்டம்) தூக்கிப்பிடித்தார். ஆவணமற்றவர்களுக்குப் பள்ளி இல்லை, அவசரமல்லாத மருத்துவம் இல்லை. ஆசிரியர்களும் மருத்துவமனைகளும் சந்தேகப்படுபவர்களைப் பற்றித் தகவல் கொடுக்க வேண்டும். சுமார் 59 சதவீத ஆதரவோடு அது வென்றது, வில்சனும் வென்றார். நீதிமன்றம் முடக்கிவிட்டதால் அதன் முக்கிய விதிகள் நடைமுறைக்கு வரவே இல்லை.

ஆனால் அடுத்த சில ஆண்டுகளில் குடியுரிமை விண்ணப்பங்கள் குவிந்தன. 1996இல் மட்டும் நாடு முழுவதும் பத்து லட்சத்துக்கு மேற்பட்டோர் குடிமக்கள் ஆனார்கள். இதைக் கோபத்தின் விளைவு என்று மட்டும் சொல்லிவிட முடியாது. ரீகன் 1986இல் கையெழுத்திட்ட பொதுமன்னிப்புச் சட்டத்தால் சுமார் 27 லட்சம் பேர் சட்ட நிலை பெற்றிருந்தார்கள். அவர்களின் ஐந்தாண்டுக் காத்திருப்பு முடிந்தது சரியாக இந்தக் காலத்தில். 1996 நலத்திட்டச் சட்டம் கிரீன் கார்டுக்காரர்களுக்கும் உதவிகளை வெட்டியதால், குடியுரிமை இல்லாவிட்டால் ஆபத்து என்ற பயமும் சேர்ந்தது. கோபம், தகுதி, பயம் மூன்றும் ஒரே நேரத்தில் கூடின. மசாசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் இயந்திரப் பொறியியல் முடித்த அலெக்ஸ் பாடியா, 187ஐப் பார்த்துத்தான் அரசியலுக்கு வந்ததாகச் சொல்பவர். 2021இல் கலிஃபோர்னியாவின் முதல் லத்தீனோ செனட்டர் ஆனார்.

2006இல் மீண்டும் நடந்தது. ஆவணமின்றி இருப்பதையே கிரிமினல் குற்றமாக்கும் மசோதா முந்தைய டிசம்பரில் கீழவையில் நிறைவேற, 2006 வசந்தத்தில் லட்சக்கணக்கானோர் தெருவில் இறங்கினார்கள். வாக்கில்லாதவர்கள் ஏராளமாகக் கலந்துகொண்ட அரசியல் அது. "ஓய் மார்ச்சாமோஸ், மன்யானா வோட்டாமோஸ்" (இன்று அணிவகுக்கிறோம், நாளை வாக்களிப்போம்) என்பது முழக்கம். அடுத்த ஆண்டு ஸ்பானியத் தொலைக்காட்சி யூனிவிஷனும் தொழிற்சங்கங்களும் குடியுரிமை விண்ணப்ப இயக்கம் நடத்தின. 2007 கட்டண உயர்வுக்கு முன் முந்திக்கொள்ளும் அவசரமும் சேர, 2008இல் மறுபடியும் புதிய குடிமக்கள் பத்து லட்சத்தைத் தாண்டினார்கள்.

இதிலிருந்து ஜனநாயகக் கட்சியினர் ஒரு சூத்திரம் எழுதிக்கொண்டார்கள்: லத்தீனோக்கள் பெருகப் பெருக நம் வாக்கு பெருகும். என் கணிப்பில், 2024இன் அதிர்ச்சிக்கு விதை அந்தச் சூத்திரம்தான்.

ஸ்டார் மாவட்டம் சொல்வது

டெக்சஸின் தென்கோடியில், ரியோ கிராண்டே ஆற்றங்கரையில் இருக்கிறது ஸ்டார் மாவட்டம். மக்களில் சுமார் 97 சதவீதம் லத்தீனோக்கள். 2016இல் ஹிலாரி கிளிண்டனுக்கு 79 சதவீத வாக்கு. 2024இல் டிரம்ப் 57 சதவீதத்துக்கு மேல் எடுத்து வென்றார். 1892க்குப் பிறகு குடியரசுக் கட்சி அங்கே வென்றது அதுவே முதல்முறை. நாடு முழுவதும் லத்தீனோ வாக்கு ஏறத்தாழ சரிபாதியாகப் பிரிந்தது. 2012இல் ஒபாமா வாங்கியது 71 சதவீதம்.

அங்கே பலருடைய குடும்பங்கள் தலைமுறைகளாகக் குடிமக்கள். எல்லைக் காவல் படை வேலை அந்தப் பகுதியில் நல்ல சம்பளமும் காப்பீடும் தரும் வேலைகளில் ஒன்று. அதில் லத்தீனோக்கள் நிறைய. விலைவாசி, பெட்ரோல், எண்ணெய் வயல் வேலை என்பதே அன்றாடப் பேச்சு. குடியேற்றத்தைப் பற்றி அவர்கள் "நம்மவர்" என்ற இடத்திலிருந்து வாக்களிக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பதே தவறான தொடக்கம். கஷ்டப்பட்டுச் சட்டப்படி வந்தவர், வரிசை தாண்டி வந்தவரைப் பார்த்து எரிச்சல் கொள்வதும் உண்டு. உலகில் எந்தக் குடியேறிச் சமூகத்திலும் காணலாம் இதை, நம்மவர் உட்பட.

பெரிய அளவில் நாடு கடத்தல் நடந்தால் பாதிக்கப்படுவோரும் வாக்களிப்போரும் வெவ்வேறு ஆட்கள் என்பதையும் மறக்கக் கூடாது. ஆவணமற்ற தாய்க்கு ஓட்டு இல்லை. அவருடைய 18 வயது மகளுக்கு இருக்கிறது. அவள் பதிவு செய்திருக்கிறாளா என்பது தனிக் கேள்வி.

வாக்கில்லாதவரும் கணக்கில் வருவார்

தொகுதி மறுவரையறை என்ற சொல் தமிழ்நாட்டில் இப்போது யாருக்கும் புதிதல்ல. அமெரிக்காவில் நாடாளுமன்ற இடங்கள் மாநிலங்களுக்குப் பிரிக்கப்படுவது மொத்த மக்கள்தொகையை வைத்து. குழந்தைகள், ஆவணமற்றவர்கள் எல்லோரும் சேர்த்தி. மாநிலத்துக்குள் தொகுதி பிரிக்கும்போது வாக்காளர்களை மட்டும் எண்ண வேண்டும் என்று டெக்சஸில் தொடுத்த வழக்கில், மொத்த மக்கள்தொகையை எண்ணுவது செல்லும் என்று 2016இல் உச்ச நீதிமன்றம் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. கணக்கெடுப்பில் குடியுரிமைக் கேள்வியைச் சேர்க்கும் முயற்சியை 2019இல் தடுத்தது. கேள்வி கேட்டாலே பயந்து பலர் கதவைத் திறக்க மாட்டார்கள், எண்ணிக்கை குறையும், இடங்களும் நிதியும் குறையும் என்பதே எதிர்த்தவர்களின் வாதம்.

2020 கணக்கெடுப்புக்குப் பின் டெக்சஸுக்கு இரண்டு இடங்கள் கூடின. பத்தாண்டில் அங்கே கூடிய மக்களில் சுமார் பாதி லத்தீனோக்கள். அதே டெக்சஸ் 2025 ஆகஸ்டில், பத்தாண்டு முடியும் முன்பே தொகுதிகளை மறுபடி வரைந்தது. குடியரசுக் கட்சிக்கு ஐந்து இடங்கள் கூடுதலாகக் கிடைக்கும் என்பது திட்டம். அந்த ஐந்தில் பல, லத்தீனோக்கள் பெரும்பான்மையாக இருப்பவை. 2024இல் டிரம்பை நோக்கி நகர்ந்த வாக்கு அங்கேயே நிற்கும் என்ற நம்பிக்கையில் போட்ட கோடுகள் அவை. மூன்றே மாதத்தில், நவம்பரில், நியூ ஜெர்சி ஆளுநர் தேர்தல் வந்தது. லத்தீனோக்கள் நிறைந்த, 2024இல் டிரம்ப் வென்ற பஸ்ஸேக் மாவட்டம் ஜனநாயகக் கட்சியின் மிக்கி ஷெரிலிடம் திரும்பிப் போயிருந்தது.